வரியின் இடப்பக்கம் ஒரு பெயர்

ஸ்டோர் ரூமில் கால் உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் அந்தப் பழைய மெஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குனிந்து பார்த்தேன். பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அதன் தலையில் 'அணைக்காதீர்கள், உயிர் இருக்கிறது' என்று ஒட்டியிருந்த காகிதம் பழுத்துப்போய் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. குண்டூசி என்று நாங்கள் கூப்பிடுகிற என் தோழியின் கையெழுத்து. பிரிந்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, மெஷினின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினேன். "மானத்தக் காப்பாத்துடா ராசா" என்று வாய்விட்டே சொன்னேன். பத்து மணிக்குக் கூட்டம். அன்று காலை நான் அவ்வளவு தைரியமாக இருந்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் ஆபீஸில் எனக்குப் பெயர் ஹவுஸ் ஓனர். சொந்தமாக ஒரு கழிவறை கூட எனக்குக் கிடையாது, அது வேறு விஷயம். நாங்கள் எழுதும் மென்பொருள் கோடில் ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார்கள், எந்தத் தேதியில், என்ன குறிப்பு எழுதி மாற்றினார்கள் என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் பதிந்து வைத்துக்கொள்ளும். ஒரு கட்டளை கொடுத்தால் வரிக்கு இடப்பக்கம் பெயரும் தேதியும் வந்து நிற்கும். அந்தக் கட்டளைக்குப் பெயரே பிளேம், அதாவது பழி. எவன் வைத்தானோ, மனுஷ புத்தி தெரிந்தவன். மூன்று வருஷத்துக்கு முன் அந்தப் பழைய மெஷினிலிருந்து எல்லாக் கோடையும் புது இடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. பழைய பதிவுகளையும் சேர்த்துக் கொண்டுபோக ஒரு மாதமாகும் என்றேன். "அந்தக் கதையெல்லாம் யாருக்கு வேணும்? இன்னிக்கு இருக்கறத மட்டும் தூக்கிப் புது எடத்துல போடுங்க" என்றார் மேனேஜர். தூக்கிப் போட்டவள் நான். அதனால் புது இடத்தில் எண்பத்திரண்டாயிரம் வரிக்கும் இடப்பக்கம் என் பெயர்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது யாரோ எழுதிய வரிக்கும் என் பெயர். வேலையை விட்டுப் போய்க் கல்யாண மண்டபம் நடத்துகிற ஒருவன் எழுதிய வரிக்கும் என் பெயர். எது உடைந்தாலும் பிளேம் போடுவார்கள், என் பெயர் வரும், கைகொட்டிச் சிரிப்பார்கள். "ஹவுஸ் ஓனரம்மா, கூரை ஒழுகுது" என்று என் மேஜைக்கு வருவார்கள். "வாடகை ஒழுங்கா குடுக்கறீங்களா? இல்லல்ல? ஒழுகட்டும் போங்க" என்பேன். இப்படியே மூன்று வருஷம் ஓடியது. நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதுதான் கொடுமை.

குண்டூசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளும் ஒல்லி, பார்வையும் ஊசி. ஆயிரம் வரியைக் கொடுத்தால் தப்பு இருக்கிற இடத்தில் போய்க் குத்துவாள். ஒன்பது வருஷமாக நாங்கள் ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம். அவள் கேரியரை நான் திறப்பேன், என்னுடையதை அவள் திறப்பாள். யார் வீட்டில் என்ன சண்டை என்பது மூடியைத் திறக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். என் மகள் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளை லீடு ஆக்கினார்கள். கூடச் சேர்ந்தவளுக்குக் கீழே வேலை செய்கிறாயே, கஷ்டமாக இல்லையா என்று ஓரிருவர் வந்து என் காதைக் கடித்தார்கள். "அவ உக்காந்தா நான் உக்காந்த மாதிரி" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

விஷயம் திங்கட்கிழமை ஆரம்பித்தது. தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ்களைக் கண்காணிப்பது எங்கள் மென்பொருள். உள்ளே சூடு ஏறினால், ஏறி முப்பது நிமிடம் இறங்காமல் இருந்தால், அலாரம் அடிக்க வேண்டும், அங்கே இருக்கிற நர்ஸின் போனுக்குச் செய்தி போக வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு சின்ன சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் ஒருத்தி போன் செய்தாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டு, கடைசியில் வழக்கம்போல ஹவுஸ் ஓனரிடம் கொடுத்தார்கள்.

"மேடம், உங்க ஸ்கிரீன் பச்சையாத்தான் இருந்துச்சு. காலைல வந்ததும் மொதல்ல அதத்தான் பாத்தேன். பச்சைன்னா நல்லாருக்குன்னுதானே அர்த்தம்?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப மாசக் கணக்கு எடுத்துப் பாத்தா நாலு மணி நேரம் சூடாயிருக்குன்னு எப்படி மேடம் வருது? ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, சனிக்கிழமை. கரண்ட் போயிருக்கு, வந்திருக்கு. அலாரமும் அடிக்கல, மெசேஜும் வரல. திங்கக்கிழமை அந்த மருந்தத்தான் நான் குழந்தைங்களுக்குப் போட்டேன்."

எத்தனை குழந்தைகள் என்று கேட்டேன். அறுபத்து மூன்று என்றாள். மருந்தால் கெடுதல் ஒன்றும் வராதாம், ஆனால் அது வேலை செய்யாது, எல்லோருக்கும் மறுபடி போட வேண்டும். அவள் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. தொண்டை கட்டிப்போன குரலில் நிதானமாகப் பேசினாள். காலையிலிருந்து ஒவ்வொரு தாயாக அழைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் போல.

"எல்லாரும் யாரு தப்புன்னு கேக்கறாங்க மேடம். நான் ஒரு பேரச் சொல்லணும். இல்லன்னா எம்பேரத்தான் சொல்லுவாங்க. ஊசி போட்டது நான்தானே."

"பாத்துச் சொல்றேன் சிஸ்டர்" என்றேன். தப்பு கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. பழைய மாடல் ஃப்ரிட்ஜ்களுக்கென்று ஒரு தனி வரி. முப்பது என்று இருக்க வேண்டிய இடத்தில் முந்நூறு என்று இருந்தது. அலாரம் அடிக்க ஐந்து மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. நாலு மணி நேரத்தில் கரண்ட் வந்துவிட்டதால் அது அடிக்கவே இல்லை. எப்படி வந்திருக்கும் என்பதும் எங்களுக்கெல்லாம் பார்த்ததும் புரிந்துவிட்டது. சோதனை செய்யும்போது சென்சாரைக் கையில் பிடித்துச் சூடாக்குவோம். அரை மணிக்கு ஒருதரம் அலாரம் அலறி உயிரை வாங்கும். அதனால் எண்ணைக் கொஞ்ச நேரத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டு, முடிந்ததும் திருப்பி மாற்றிவிட வேண்டும். யாரோ திருப்பி மாற்ற மறந்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் பாதித் தப்பு இந்த 'அப்புறம் மாத்திக்கலாம்' என்பதில்தான் பிறக்கிறது. சத்தம் போடாத அலாரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. இதற்கு முன் எத்தனை தடவை அடிக்காமல் இருந்ததோ, யாருக்குத் தெரியும்.

புதன்கிழமை மாலை முதல் கூட்டம். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு தர அதிகாரி வந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிற மனிதர், மரியாதையானவர், சிரிக்காதவர். மேனேஜர் பெரிய திரையில் அந்த வரியைக் காட்டினார். இடப்பக்கம் என் பெயர் கொழுத்த எழுத்தில் நின்றது. எப்போதும் சிரிக்கிறவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பெயரைப் பார்த்தார், என் கழுத்து அட்டையைப் பார்த்தார், பேனாவை எடுத்தார். சார், அது வந்து, நான் மாத்தினதில்ல, தூக்கிப் போட்டது மட்டும்தான் என்று உளறிக்கொட்டினேன். குற்றவாளி பேசுவது மாதிரியே இருந்தது எனக்கே.

அப்போதுதான் குண்டூசி எழுந்தாள். "சார், அவ பேரு இடம் மாத்தினதால வந்தது. எல்லா வரியிலயும் அவ பேருதான் இருக்கும். உண்மையா யார் மாத்தினாங்கன்னு பழைய மெஷின்ல இருக்கு. நாளைக்குக் காலைல எல்லார் முன்னாடியும் அவளே எடுத்துக் காட்டட்டும்" என்றாள். நிதானமான குரல், லீடு பேசுகிற குரல். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம், எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லாத குறையை அவள் தீர்த்துவைத்தாள் என்று சொன்னேன். சொன்னது அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு என் லேப்டாப்பைத் திரையில் இணைத்து, ஸ்டோர் ரூமில் இருக்கிற பழைய மெஷினுக்குள் போனேன். உள்ளே போகிறவர்களுக்கு அது முதலில் ஒரு வரி காட்டும்: கடைசியாக இங்கே வந்தவர் யார், எப்போது, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து. செவ்வாய்க்கிழமை காலை 7.52 என்று காட்டியது. குண்டூசியின் கம்ப்யூட்டர். எனக்காக முன்னாடியே பார்த்து வைத்திருக்கிறாள், அதனால்தான் நேற்று அத்தனை தைரியமாகப் பேசினாள் என்று நினைத்தேன். மனசு நெகிழ்ந்து அவள் பக்கம் திரும்பிச் சிரிக்கக்கூடச் செய்தேன். அவள் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.

கட்டளையைக் கொடுத்தேன். வரி வந்தது. இடப்பக்கம் என் பெயர்.

பின்வரிசையில் யாரோ பழக்க தோஷத்தில் சிரித்து, உடனே இருமினார்கள். தப்பான மெஷினில் பார்க்கிறேன் என்று நினைத்து மறுபடி பார்த்தேன். பழையதேதான். அதில் வேறு ஆட்களின் பெயர்களும் மேலும் கீழும் இருந்தன, அந்தக் கல்யாண மண்டபக்காரன் பெயர் கூட இருந்தது. நடுவில் அந்த ஒரு வரிக்கு மட்டும் நான். பக்கத்தில் குறிப்பு: 'சோதனைக்காக மட்டும். திங்கள் காலை மறக்காமல் 30 ஆக்கவும்.' நான் குறிப்பு எழுதுகிற ஜாதியே இல்லை. 'சரி செய்தது' என்று இரண்டு வார்த்தை போட்டுவிட்டுப் போகிறவள். கிழமை போட்டுத் தனக்குத் தானே கட்டளையிடுகிறவள் இந்த ஆபீஸில் ஒருத்திதான். அதற்குப் பிறகுதான் தேதியைப் பார்த்தேன். ஐந்து வருஷத்துக்கு முன், பன்னிரண்டாம் தேதி, காலை 11.40. எந்த ஃபாரத்தைக் கொடுத்தாலும் நான் யோசிக்காமல் எழுதுகிற தேதி அது. என் மகள் பிறந்த நாள். பதினொன்று பன்னிரண்டுக்குப் பிறந்தாள். பதினொன்று நாற்பதுக்கு எனக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையில் இருந்த மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னாடியே, முந்தின நாள் சாயங்காலம், வலி வந்துவிட்டது. சேர்ந்து நாலு வருஷமாகியும் அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை. அந்த மாதக் கடைசிக்குள் என் பெயரில் ஒப்படைத்திருந்த பகுதியை முடித்தால்தான் எடுத்துக்கொள்வார்கள், முடித்த வேலையைப் பெயர் வாரியாக எண்ணுவார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு குண்டூசிக்குப் போன் செய்து அழுதேன். எப்படியாவது முடித்துக் கொடு, என் பெயரிலேயே முடித்துக் கொடு என்றேன். பாஸ்வேர்டைச் சொன்னேன். என் பகுதி மேல்மாடி, அவள் கீழ்மாடி. மேல்மாடிக் கதவு திறக்க என் கழுத்து அட்டை வேண்டும். என் கணவர் கொண்டுபோய்க் கொடுத்தார். தன் வேலையையும் முடித்து என் வேலையையும் செய்தாள், இருபது நாள். எண்ணினால் வாழ்க்கையில் எனக்கு யாரும் அதைவிடப் பெரிய உதவி செய்ததில்லை. அந்த வேலைதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. அந்த இருபது நாளில் ஒரு காலையில், திருப்பி மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சைபரைச் சேர்த்திருக்கிறாள். திங்கட்கிழமை மறந்திருக்கிறாள். மறதியை யார் குற்றம் சொல்ல முடியும்? நானே நூறு தடவை மறந்திருப்பேன். அதுவல்ல விஷயம். செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு, ஆபீஸில் ஆளே வராத நேரத்தில், அவள் இந்தப் பெயரையும் தேதியையும் குறிப்பையும் பார்த்திருக்கிறாள். அதற்கு அடுத்த நாள்தான் எழுந்து நின்று, 'அவளே எடுத்துக் காட்டட்டும்' என்றாள்.

"இது நீங்கதானே?" என்றார் அதிகாரி.

நான் குண்டூசியைப் பார்த்தேன். பேசு என்று பார்த்தேன். ஒரு வார்த்தை, 'சார், ஒரு நிமிஷம்' என்றால் போதும், மிச்சத்தை நானே சொல்லிவிடுவேன், இருவரும் சேர்ந்து வாங்கிக்கட்டிக்கொள்ளலாம். அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பி உரித்துக்கொண்டிருந்தாள். தாள் நீளமாக வந்தது.

"என் லாகின்தான் சார்."

"மாத்தினது நீங்கதானா?"

"ஞாபகம் இல்ல சார்."

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு இன்னொரு நிமிடம் கொடுக்கலாம் என்றுதான் நினைத்திருப்பேன். அந்த நிமிடத்தை அவள் எடுத்துக்கொண்டாள். பாட்டிலைக் கீழே வைத்தாள். "அஞ்சு வருஷமாச்சு சார். அவளுக்கு மறந்திருக்கும். வேணும்னு பண்றவ இல்ல, நான் உத்தரவாதம்" என்றாள். எவ்வளவு பரிவாகச் சொன்னாள் தெரியுமா! எனக்காகக் கெஞ்சுகிறாள் என்று அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். மேனேஜர் கூட உருகிப்போய்த் தலையை ஆட்டினார். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நாளைக் காலை பத்து மணிக்குள் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டும், அதுவரை எந்தக் கோடையும் தொடக்கூடாது, விளக்கத்தைப் பொறுத்து வேலையில் வைப்பதா இல்லையா என்று முடிவாகும், பெயர் சுகாதார நிலையத்துக்கும் தெரிவிக்கப்படும் என்று மேனேஜர் சொன்னதெல்லாம் எங்கோ பக்கத்து அறையில் யாருக்கோ சொல்வது போல் கேட்டது.

படிக்கட்டில் அவளைப் பிடித்தேன். லிஃப்ட் இருக்கும்போது அவள் படியில் இறங்கினாள் என்றால் என்னைத் தவிர்க்கத்தான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் தீயணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றோம்.

"செவ்வாய்க்கிழமை ஏழு அம்பத்திரண்டு" என்றேன்.

அவள் ஒரு படி கீழே இறங்கி நின்றாள். "நான் உம்பேரச் சொல்லல" என்றாள்.

"சொல்லல. என் கையாலயே என்னத் திரையில போட வச்ச. ஸ்டோர் ரூம்ல போயி அந்த மெஷினக் கொஞ்சிட்டு வந்தேன்டி காலைல. பைத்தியக்காரி மாதிரி."

"நீ கெஞ்சின." அவள் குரல் உடைந்தது. "பெட்ல படுத்துக்கிட்டு அழுத. உம்பேர்ல முடிச்சுக் குடுன்ன. ராத்திரி பகலா உக்காந்தேன். ஒரு டீ கூட வாங்கித் தரச் சொல்லல உங்கிட்ட. இன்னி வரைக்கும் ஒரு தடவ சொல்லிக் காட்டிருக்கேனா?"

"இல்ல."

"லீடா இருக்கறவ இன்னொருத்தி லாகின்ல வேலை பாத்தான்னு தெரிஞ்சா ஒரு நாள் வச்சிருக்க மாட்டாங்க. வெளியிலயும் எவனும் எடுக்க மாட்டான். உனக்கு வீட்டுல ஒரு ஆள் சம்பாதிக்கறாரு. எனக்கு யாருடி? நீ மறந்துட்டேன்னு எழுது. மறதிக்கு வேலைய விட்டு எடுக்க மாட்டாங்க, நான் பேசறேன். சத்தியமா பேசறேன்."

"அந்த நர்ஸ் இருக்காளே, அறுபத்து மூணு அம்மாவுக்கும் ஒரு பேரு சொல்லணும்கறா. எம்பேரச் சொல்லட்டுமா?"

அவள் கைப்பிடிக் கம்பியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஏதோ ஆறுதல் சொல்கிற மாதிரி, "உம்பேரு ஏற்கெனவே எல்லா வரியிலயும் இருக்குல்ல" என்றாள்.

சொன்ன பிறகு அவளே திடுக்கிட்டாள் என்று நினைக்கிறேன். வாயில் கையை வைத்துக்கொண்டாள். நாக்கு நுனி வரை வந்த வசவெல்லாம் அப்படியே நின்றுவிட்டது. கோபம் இருந்தால் திட்டலாம். அது கோபமில்லை, அதற்கும் கீழே எங்கேயோ வலித்தது. இந்த மூன்று வருஷமாக என்னைக் கிண்டல் செய்கிறவர்களை ஒரு முறை முறைத்து விரட்டியவள் அவள்தான். கூட்டமாகச் சிரித்தவர்களில் ஒருவர் கூட அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் படியிறங்கிப் போனாள். ஒவ்வொரு படிக்கும் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. மதியம் என் கேரியரைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாலை நாலரை மணிக்கே என்னை வாசலில் பார்த்ததும் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூல் பையைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, அம்மா சீக்கிரம் வந்துட்டா என்று பென்சிலிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவர் முழுவதையும் கேட்டார். சுருக்கமான ஆள். "டிஸ்சார்ஜ் சீட்டு பீரோல இருக்கு. அன்னிக்கு நீ ஆஸ்பத்திரில இருந்தன்னு ஆயிடும். வேற என்ன வேணும்?"

"அப்ப உக்காந்தது யாருன்னு கேப்பாங்க."

"சொல்லு."

"அவ இல்லவே இல்லன்னு சொல்லுவா. ஆதாரம் எங்கன்னு கேப்பா." சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் அப்படித்தான் கேட்பாள் என்று. அன்று காலை வரை அவளைப் பற்றி எனக்கு இப்படித் தெரிந்திருக்கவில்லை. கணவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, "அன்னிக்கு சாயங்காலம் அவ நேரா ஆபீஸ்லேர்ந்துதான வந்தா? நான் போட்டோ எடுத்தேனே" என்றார்.

அந்தப் போட்டோவை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். போனில் இருக்கிறது, அலமாரியில் சட்டம் போட்டும் இருக்கிறது. வெள்ளைத் துணியில் சுற்றிய மகள், அவளை ஏந்திக்கொண்டு குண்டூசி. தூக்கம் இல்லாத கண், வாய் கொள்ளாத சிரிப்பு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, பெற்றவளைவிடச் சித்தி முகத்தில்தான் சந்தோஷம் பார் என்று சொல்வேன். அவள் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பட்டை. கீழ்மாடிக்காரர்களுக்குச் சிவப்பு, அது அவளுடையது. மேல்மாடிக்கு நீலம். நீலப் பட்டையின் நுனியில் அட்டை முகம் தெரிய மல்லாந்து கிடந்தது. அதில் என் போட்டோ, என் பெயர். தேதியும் நேரமும் போட்டோவுக்குள்ளேயே பதிவாகியிருந்தது: பன்னிரண்டாம் தேதி, மாலை 6.05.

மேனேஜருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். நடந்ததை நடந்த மாதிரி எழுதினேன். பாஸ்வேர்டு கொடுத்தது என் தப்பு என்று முதல் வரியிலேயே எழுதினேன், அதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. கேட்டது நான், அவள் செய்தது எனக்காக, அதையும் எழுதினேன். என்ன ஆனாலும் ஆகட்டும், அந்த நர்ஸ் சொல்கிற பெயர் சரியான பெயராக இருக்கட்டும் என்று எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, இதை அனுப்பினால் அவள் நாளைக்கு எங்கே போவாள் என்று ஒரு நினைப்பு வந்தது. சீ என்று அதைத் தள்ளினேன். தள்ளினாலும் போகவில்லை. அவள் என்னைப் பற்றி அப்படி நினைத்தாளா, செவ்வாய்க்கிழமை காலையில்? நினைத்திருப்பாள். நினைத்துவிட்டுத்தான் செய்திருப்பாள். அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

போட்டோவைச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. குழந்தை முகத்தை மேனேஜரும் அதிகாரியும் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. இதில் மகளை இழுக்கக் கூடாது. அட்டை மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி எடுத்துவிடலாம், யார் கழுத்து என்று கேட்டால் குழந்தை முகத்தை விரலால் மறைத்து முழுப் படத்தை நேரில் காட்டலாம் என்று போனில் சதுரத்தைப் போட்டேன். மகள் வந்து என் தோளில் தாடையை ஊன்றிக்கொண்டாள்.

"சித்தி!" என்றாள். "சித்தியோட நானு. என்னம்மா பண்ற?"

"ஒண்ணுமில்ல. சின்னதா ஆக்கறேன்."

முதலில் குண்டூசியின் முகம் போனது. பிறகு சிவப்புப் பட்டை போனது. பிறகு மகளின் நெற்றி, மூடிய கண், வாய். அட்டை சரியாகக் குழந்தையைச் சுற்றிய துணியின் மேல் விழுந்திருந்தது. அதன் விளிம்பில், துணிக்கு வெளியே நீண்டிருந்தது ஒரு கை. பிறந்து ஏழு மணி நேரம் ஆன கை, நகமெல்லாம் அரிசி நொய் மாதிரி. நீலப் பட்டையை முஷ்டியில் மடக்கிப் பிடித்திருந்தது. வலது ஓரத்தை உள்ளே நகர்த்தினேன். அட்டையில் என் பெயரின் பாதி போய்விட்டது, கை போகவில்லை. வெளியே நகர்த்தினேன். பெயர் வந்தது, கையும் வந்தது.

"அது என் கையாம்மா?"

"ஆமா."

"நான் என்ன புடிச்சிட்டிருக்கேன்?"

கணவர் சமையலறையில் எதையோ கழுவுகிற சத்தம் நின்றது. நான் சதுரத்தை இன்னும் கொஞ்சம் சுருக்கிப் பார்த்தேன். முஷ்டி அப்போதும் உள்ளேயேதான் இருந்தது.